சம உயரம்

சாந்திபாத் பக்கம் ஒரு மண்டபம்.
விடிந்தால் நாற்பத்தோரு நாடுகள் வந்து உட்காரும்.
இரவில் நான், குர்மீத், ஓர் அளவுநாடா.

பதினோராயிரம் பேர் வாழும் தீவுக்கும்
நமக்கும் கொடி ஒரே உயரம்.
அரை விரற்கடை மிஞ்சினாலும்
காலையில் யாரோ போனில் கத்துவார்கள்.

முகம் பார்க்காத இரண்டு நாடுகளுக்கு நடுவே
ஆங்கில அகரவரிசை
ஓர் அப்பாவியைக் கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறது.
அதற்கு ஒரு தண்ணீர் பாட்டில் கூடுதலாக வைத்தான் குர்மீத்.

அலமாரியின் அடித்தட்டில்
இல்லாமல் போன நாடொன்றின் கொடி.
கழித்துக்கட்டப் படிவம் கிடையாது.
வருடாவருடம் எண்ணி எழுதுகிறோம்:
ஒன்று, நல்ல நிலையில்.

இரண்டு மணிக்கு சங்கம் விஹார்.
லாரி ஐந்துக்கு.
சந்தில் ஆளில்லாமல் வரிசை நிற்கிறது:
குடம், பெயிண்ட் டப்பா, பிளந்த ஹெல்மெட், செங்கல்.
செங்கல் என்றால் நஸ்ரின்.

போன மாதம் ஒருவன் அதைக் காலால் தள்ளினான்.
பெரிய இடத்து ஆள். யாரும் வாய் திறக்கவில்லை.
மறுநாள் எல்லோரும் தள்ளினார்கள்.
குழாய் கிழிந்தது, தண்ணீர் சாக்கடைக்குப் போனது,
அவனுக்கும் அரைக் குடம்தான்.

நான்காம் நாள்
செங்கல் பழைய இடத்தில் இருந்தது.
யார் வைத்தார்கள் என்று கேட்டேன்.
கேட்காதே என்றாள் நஸ்ரின்,
கேட்டால் அது அவர்களுடையது ஆகிவிடும்.

அதன் பின்னால் என் டப்பாவை வைக்கிறேன்.
சட்டைப்பையில் அளவுநாடா உறுத்துகிறது.
எடுத்து, இருட்டில்,
எதையும் அளக்காமல் சுருட்டுகிறேன்.