தோம்பில் எழுதாதது

உப்புவெளியில் நாற்பத்திரண்டு தென்னை.
புருஷன் இல்லாதவளுக்குத் தோம்பில் இடமில்லை என்றான்
ஒல்லாந்தக் கணக்கன்.
உனக்கோ இஞ்ஞாசி, கப்பல்துறை வேலைக்கு
வளவு உள்ளவன் என்றொரு சாட்சி வேண்டும்.

கோட்டைக்குள் தண்ணீர் தெளித்து
என்னை எலிசபெத்து ஆக்கினார்கள்.
கதிராசி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பேச்சு இவ்வளவுதான்:
வடக்கு அறை உனக்கு, அடுக்களைப் பக்கம் எனக்கு,
தேங்காயில் மூன்றில் ஒன்று.

அந்த ஒன்றை நீ எண்ணி எடுத்ததே இல்லை.
தையில் நான் காய்ச்சலாய்க் கிடந்தபோது
கஞ்சிக்கு இரண்டுமுறை உப்புப் போட்டாய்.
அதையும் குடித்தேன்.

ஆவணியில் திருகோணமலைக் கோட்டையில் கொடி மாறியது.
இங்கிலீசுத் துரை பழைய கணக்கனை அனுப்பிவிட்டான்;
மரத்தை ஆள ஆம்பிளை பேர் வேண்டாமாம்.
நீதான் வந்து சொன்னாய்,
பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி.

எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.
"வாடை தொடங்குமுன் கிடுகு மாத்தவேணும்.
நான் ஏணியைப் பிடிப்பன்."

கடப்படியில் நின்றாய்,
கூரையை வெகுநேரம் பார்த்தாய்,
பிறகு பாயை இறக்கினாய்.

எந்த அறையில் என்பது
தோம்புக்கு வேண்டாத சங்கதி.