ஏரிப்பக்க அறை

விடுதியின் விலைப்பட்டியலில்தான்
அந்தச் சொல்லை முதலில் கண்டேன்:
அவுஸ்ஸிக்ட்.
அது உள்ள அறைக்கு நாற்பது பிராங்க் கூட.
அவுஸ்திரேலியாவோடு ஏதோ சம்பந்தம் என்று
இரண்டு கிழமை நினைத்திருந்தேன்.

துன் நகரில், செவ்வாய் மாலை வகுப்பில்,
ஸ்பிண்டன் ரீச்சர் அதைப் பலகையில் எழுதி
மீனைப் பிளப்பதுபோல் நடுவில் கோடு கிழித்தார்.
அவுஸ் என்றால் வெளியே.
ஸிக்ட் என்றால் பார்வை.
வெளியே போகும் பார்வை, அவ்வளவுதான்.
இதற்கா நாற்பது பிராங்க் என்றேன்.
வகுப்பே சிரித்தது.

அந்தப் பார்வை போகும் வழியைத் துடைப்பவள் நான்.
முப்பத்தொரு யன்னல்,
வினாகிரித் தண்ணீர், பழைய பத்திரிகை.
ஏதோ ஒரு பிள்ளையின் மூக்கு பதிந்த இடத்தில்
பனிமலை கலங்கித் தெரியும்.
துடைத்தால் மலை திரும்பி வரும்,
மூக்கு போய்விடும்.
என் அறை பின்புறம். யன்னலுக்கு நேரே
போத்தல் தொட்டியும்
ட்ரித்தா புகைபிடிக்கும் படிக்கட்டும்.
அதற்கும் ஒரு சொல் இருக்கும், மலிவாக.

மாசியில் சென்காலனிலிருந்து கடிதம்.
நாலாம் பக்கத்தில் அதே சொல்,
பின்னால் ஒரு வால் முளைத்து:
அவுஸ்ஸிக்ட்லோஸ்.
ஏரி தெரியாத அறையைப் பற்றியோ என்று
உண்மையாகவே நினைத்தேன்.
உங்கள் மேன்முறையீடு
வெல்ல வழியில்லை என்கிறார்கள், என்றார் வக்கீல்.
இந்தச் சொல்லுக்கு அப்படியும் பொருளா?
தோளைக் குலுக்கினார்.
மலை தெரிவதும்
நாளைக்கு ஏதாவது தெரிவதும்
இவர்களுக்கு ஒன்று.

இரவு படுத்தபடி எங்கள் சொற்களைத் தடவிப் பார்த்தேன்.
கண் என்றால் கண்.
பழைய இலக்கணத்தில் இடத்துக்கும் அதுவே உருபு:
ஊர்க்கண், மலைக்கண், என்கண்.
நிற்கக் கிடைத்த இடமெல்லாம் கண்.
கண்ணோட்டம் ஒரு காலத்தில் இரக்கம்;
இப்போது பத்திரிகைகளில்
'அரசியல் கண்ணோட்டம்' என்று வருகிறது.
கண் நெடுந்தூரம் ஓடித்தான் இருக்கிறது,
எதையோ வழியில் போட்டுவிட்டு.

காலையில் ஒரே மூடுபனி.
பதினாலாம் அறை ஹனோவர்க்காரர் கீழே வந்து
அவுஸ்ஸிக்ட் இல்லை,
நாற்பதைத் திருப்பித் தாருங்கள் என்றார்.
கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டு.

நான் மேலே போய் அவருடைய யன்னலைத் துடைத்தேன்.
வெள்ளை, வெறும் வெள்ளை.
அதற்குள் எங்கோ
ஏரிக் கப்பல் இரண்டு தரம் ஊதியது.
வாளியைத் தூக்கிக்கொண்டு
பதினைந்தாம் அறைக்குப் போனேன்.