பசலி 1433

மாடியறை வாடகை நாலாயிரம், ஆளுக்குப் பாதி.
பல்கலைக்கழக வாசலில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து வந்தாள் ஷகூஃபா,
மசாரிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து நாகமலைப் புதுக்கோட்டை.
என் பெயரைக் கேட்டாள். பேச்சி என்றேன்.
போனில் தேடிவிட்டு, "ஸ்பீச்சா?" என்றாள்.
ஆமென்றும் சொல்லலாம்தான்.

அவளுக்கு ஜிஆர்இ. எனக்கு குரூப் டூ.
ஒரே டியூப்லைட்.
அவள் பக்கத்துச் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகள்,
ஃபேன் போட்டால் ஆங்கிலம் உதிரும்.
பொறுக்கிப் பொறுக்கி ஒட்டியதில்
எனக்கும் நாலைந்து ஒட்டிக்கொண்டது.

டெர்த். பற்றாக்குறை.
"எங்கள் தர்த் மாதிரி." தர்த் என்றால் வலி.
இல்லாத இடத்தில் வலிக்கும், அப்படி ஞாபகம் வை.
டெப்பிட். வெதுவெதுப்பு.
"தபீத்", நெஞ்சு அடித்துக்கொண்டது என்று அர்த்தம்;
நெஞ்சடிக்கும் சூடு எவ்வளவோ அவ்வளவு, கொதிக்காது.
லகோனிக்குக்கு, திக்கிப் பேசும் மாமா ஒருவரைக்
காபூலிலிருந்து கூட்டிவந்தாள்.
கேண்டர் மட்டும் எந்த ஆணியிலும் மாட்டவில்லை.
கண்டார் என்றேன் நான்.
கண்டார், கண்டதை அப்படியே சொன்னார்.
அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டாள்.
இனி வேண்டாம், உள்ளே போய்விட்டது.

ஒரு ஞாயிறு டவுனுக்குப் போனோம்.
விளக்குத்தூண் பக்கம் கடைப் பலகையை வாசித்துக் காட்டினேன்: ஜிகர்தண்டா.
இரண்டடி பின்வாங்கினாள்.
"ஈரலையா ஐஸில் வைத்து விற்கிறீர்கள்?"
முகர்ந்து பார்த்துத்தான் குடித்தாள்.
பிறகு இன்னொன்று கேட்டாள்.

மாதிரித் தேர்வில் வார்த்தைப் பகுதி படுத்துவிட்ட இரவு
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.
எனக்கோ காலையில் டெஸ்ட்.
சத்தம் போட்டுப் படித்தால்தான் எனக்கு ஏறும்.
ஜமாபந்தி, பசலி, மராமத்து, தாசில்தார்,

"என் பாஷையில் என்ன ஓதுகிறாய்?"

வருவாய்த்துறைப் பாடம் என்றேன்.
புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். எழுத்து தெரியாது;
என் வாயைப் பார்த்துப் பார்த்து அவிழ்த்தாள்.
ஃபஸ்ல், பருவம்.
பந்தி, கட்டுவது. கூட்டிக் கட்டினால் ஜமாபந்தி.
உசிலம்பட்டி தாலுகா ஆபீஸில்
பட்டா மாறுதலுக்கு அப்பா நடந்த ஆறு வருஷமும்
அந்தப் பாஷைக்குள்தான் நடந்திருக்கிறார்,
செருப்பு தேய.

தாசில்தாரில் நின்றுவிட்டாள்.
"தஹ்சீல் என்றால் படிப்பு. காலேஜ் படிப்பு.
தார், வைத்திருப்பவர்.
படிப்பை வைத்துக்கொள்வதற்கா நீ பரீட்சை எழுதுகிறாய்?"

இல்லை, வரி, சாதிச் சான்றிதழ், புறம்போக்கு
என்று சொல்ல வாய் வந்தது.
மசாரில் அவள் தங்கைக்குப் பதினாலு வயது.
ஆறாம் வகுப்போடு வீட்டில் இருக்கிறாள்.
ஆமாம் என்றேன்.

போனில் 2023.
அவள் அம்மா வீட்டுக் காலண்டரில் 1402.
என் கிராமக் கணக்கில் 1433.
மூன்றிலும் தூக்கம் வரவில்லை.
மறுபடி டெர்த்திலிருந்து ஆரம்பித்தோம்.

ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ் ஏற்றிவிட்டேன்.
மத்தியானம் மெசேஜ் வந்தது:
டெர்த் வந்தது, பேச்சி. மாமாகூட வந்தார்.
கண்டார் வரவேயில்லை.
கடைசிக் கேள்விவரை அவருக்காகக் காத்திருந்தேன்.

இப்போது அவள் கனடாவில், பனி தள்ளுகிறாளாம்.
என் ரிசல்ட் இன்னும் வரவில்லை.

நேற்று கீழ்க்கடை சோலைமலை அண்ணன்
நோட்டைப் புரட்டி விரலை வைத்தார்.
"அந்த வெளிநாட்டுப் புள்ள பாக்கி, நாப்பத்திரண்டு ரூவா."

பாக்கி.
அவள் பாஷையில் மிஞ்சி நிற்பது.
அழியாதது என்றும் ஒரு பொருள் உண்டென்று
சீட்டு ஒட்டும்போது ஒருநாள் சொன்னாள்.

கையில் ஐம்பது ரூபாய் இருந்தது.
பால் பாக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு மாடியேறினேன்.