மீன் வாசனை

லாஜ்பத் நகர், இரண்டாம் மாடி.
வெறும் தயிர்சாதம் பிசைந்த இரவு
சச்தேவா ஆன்ட்டி படியேறி வந்தார்,
துப்பட்டா நுனியால் மூக்கைப் பொத்தி:
மீன்.

ரசம் கொதித்த அன்றும் மீன்.
துவைத்த போர்வை காயாத அன்றும்.
மதராஸி வீடாயிற்றே.

ஒரு சனிக்கிழமை
நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு
நெத்திலி வறுத்தேன்.
வாசலில் நின்று வாடகையை எண்ணியவர்
கோயில் மாதிரி மணக்கிறது என்றார்.
அதைச் சொல்லிச் சொல்லி
ஆபீஸில் ஒரு வாரம் சிரித்தோம்.

பிறகு ஜனவரி, மூடுபனி.
கீழேயிருந்து
அழுகிய முட்டைபோல ஒரு நாற்றம்.
இவர்களும் இவர்கள் முள்ளங்கி பராத்தாவும்
என்று முனகி
ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த மகன்தான்
கேஸைத் திருகி மூடியிருக்கிறான்.
எல்லாக் கதவையும் திறந்துபோட்டு
படியில் உட்கார்ந்திருந்தான்,
கைநடுக்கம் நிற்கவில்லை.

"அந்தக் காய்ச்சல் வந்ததிலிருந்து
அம்மாவுக்கு எந்த வாசனையும் தெரியாது,
நாலு வருஷமாகிறது.
உங்களுக்குமா வரவில்லை?"

எனக்குச் சளி
என்றேன்.