எளிய தமிழில்

என் வேலை இதுதான்:
நோய்க்கு ஒரு தாள்.
முன்பக்கம் என்ன நோய், பின்பக்கம் என்ன செய்யலாம்.
மூன்றாம் பக்கம் கிடையாது.
டாக்டர் பிரிஜிதா ஆங்கிலத்தில் தருவதை
காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கி,
வேலூர் வெயிலில் வரிசைக்கு வந்தவர்
நின்றபடியே படிக்கும் அளவுக்கு
இறக்கி வைக்க வேண்டும்.

"நாள்பட்ட" என்று எழுதினேன்.
மேல்விஷாரத்துத் தோல் ஷாப்புக்காரர்
"ஊறுகாயச் சொல்றியாம்மா?" என்றார்.
அடித்துவிட்டு எழுதினேன்:
வந்தால் போகாது. கூடவே இருக்கும்.
அதோடு வாழப் பழகலாம்.
"அப்போ என் மச்சான் மாதிரி" என்றார்.
அதையே போட்டிருக்கலாம்.

சர்க்கரைக்கு:
தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள்.
குனிய முடியாவிட்டால்
முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வையுங்கள்.

காசநோய்க்கு:
இரண்டாம் மாதம் இருமல் நிற்கலாம்.
நின்றது இருமல்தான், நோய் இல்லை.
இந்த வரிக்கு நான்கு நாள் ஆயிற்று.
முதலில் "விரைவில் நலமாக உணர்வீர்கள்" என்று
அழகாக எழுதியிருந்தேன்.
அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்
பேரணாம்பட்டில் பீடி சுற்றிய அமீனா பீ.
அவர் கார்டு இன்னும்
என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

தொழுநோய்க்கு:
அரிக்காத படையைத்தான் காட்ட வேண்டும்.
தொட்டால் தெரியாத இடத்தைத்தான் காட்ட வேண்டும்.
வலிக்காததற்கு வா என்று கூப்பிடுவது
எவ்வளவு கஷ்டம்.

வலிப்புத் தாள்தான் நீண்டுகொண்டே போயிற்று.
கால் கை வலிப்பு
வாயில் தேய்ந்து காக்கா வலிப்பு ஆனது.
இதில் காக்காவுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.
சாவிக்கொத்து வேண்டாம்.
வாயில் எதையும் திணிக்க வேண்டாம்.
ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.
ஐந்து நிமிடம் தாண்டினால் தூக்கிக்கொண்டு வாருங்கள்.
நுரை பட்டால் ஒட்டாது.
ஏறக்குறைய பாதிப் பேருக்கு
ஏன் வருகிறது என்று எங்களுக்கும் தெரியாது.

கடைசி வரியை எடுக்கச் சொன்னது ஆபீஸ்.
ஆஸ்பத்திரிக்கு அழகில்லையாம்.
டாக்டர் பிரிஜிதா அதைச் சிவப்பில் வட்டமிட்டு
"இருக்கட்டும்" என்று எழுதினார்,
தமிழில், ஒற்றைக் கொம்பை இரட்டையாக்கி அடித்துத் திருத்தி.

அந்தத் தாளைத்தான்
குடியாத்தம் தீப்பெட்டி ஆபீஸ் யுவராணி
"முப்பது வேணும் யக்கா" என்றாள்.
ஒருவருக்கு ஒன்று என்பது விதி.
எதற்கு என்றேன்.
"ரெண்டு வாட்டி நிச்சயம் நின்னுபோச்சி.
தெருவுல யாரோ போய்ச் சொல்லிட்றாங்கோ.
ஒளிச்சி வச்சாத்தான சொல்றாங்கோ?
நானே சொல்லிட்றேன்."

எண்ணாமல் கொடுத்தேன்.

அடுத்த மாதம் மாத்திரைக்கு வந்தவள்
மிஞ்சிய ஒரு தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.
நான்கு மூலையிலும் மஞ்சள்.
வீடு வீடாகப் போய்த்
தட்டில் வெற்றிலை பாக்கோடு நீட்டியிருக்கிறாள்,
நாள் நட்சத்திரம் இல்லாத பத்திரிகையை.
இருபத்தொன்பது வீட்டில் வாங்கிக்கொண்டார்கள்.
ஒரு வீடு ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக்
கதவைத் திறக்கவில்லை.

"இன்னா சொன்னாங்க?"
"காபி குடுத்தாங்கோ. சிலர் குடுக்கல.
காக்கா வரிய மட்டும் எல்லாரும் ரெண்டு வாட்டி படிச்சாங்கோ."

எழுந்து போனவள் திரும்பி வந்தாள்.
எதிர்வீட்டு லுங்கித் தறிக்காரர்
முழுசாகப் படித்துவிட்டு
இடது முழங்கையைக் காட்டினாராம்:
இந்தப் படை அரிக்கிறதே இல்லை,
இதுக்கும் தாள் போட்டிருக்காங்களா?

அலமாரியைத் திறந்தேன்.
ஒன்று போதுமா என்று கேட்டேன்.