சனிக்கிழமை இரை

ஓஸ்ட்ராவாவில் மைனஸ் ஒன்பது.
கடைசி டிராமை ஷெட்டில் விட்டுவிட்டு
போரிவோய் வருகிறான்,
சட்டைக்குள் ஒரு தயிர் டப்பா.
அதில் கண் திறக்காத எலிக்குட்டி,
இருபத்தைந்து கொருனா.
சாகப்போவதுதான்.
குளிரில் சாகக் கூடாது, அவ்வளவே.

ஐந்தாம் மாடி. கண்ணாடித் தொட்டி.
இடுக்கி நுனியில் இளஞ்சிவப்பாய் நெளிகிறது.
போன மாதம்
நாற்பத்திரண்டு காலும் ஒரே பாய்ச்சல்.
கீச்சொலி ஓயும்வரை
சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டிருந்தான்.

இன்று வரவில்லை.
மரப்பட்டையை மெல்லத் தூக்கினால்
சுருண்டு கிடக்கிறது பூரான்,
நடுவில் மஞ்சள் முட்டைகள்.
ஒவ்வொன்றாய் வாயால் துடைக்கிறது.
சீண்டினால் தானே தின்றுவிடுமாம்.
மூச்சை அடக்கிக்கொண்டு
பட்டையை இருந்தபடியே வைத்தான்.

மிச்சம் உள்ளங்கையில்.
தாயில்லாமல் ஒரு நாள்கூடத் தாங்காது.
கடை திங்கள்தான் திறக்கும்.
பூரானுக்கும் இனி ஒரு மாதம் பசியில்லை.

அவன் கட்டைவிரலை
முலையென்று நம்பி
அது சப்புகிறது.

குழாயைத் திறக்கிறான்.
மூடுகிறான்.
பால் தேடி ஃபிரிட்ஜைத் திறந்தால்
கடுகுச் சாந்தும்
இரண்டு பீரும்.

மேல்வீட்டு பிளாஷ்கோவா விழித்திருப்பாளா?
நள்ளிரவு ஒன்றரைக்கு
பால் எதற்கென்று கேட்டால்
என்ன சொல்வது?