நாலு விரக்கடை

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை.
இருகூர் வீட்டு மொட்டை மாடியில்
துணி காயப்போடும் இரும்புக் குழாயில்
நைலான் கயிறு கட்டி
இரண்டு சைக்கிள்களைத் தொங்கவிட்டிருக்கிறேன்.
சின்னதை விற்றாயிற்று.
பதினாலாயிரம். முன்பணம் இரண்டு வந்துவிட்டது.
பெரியது என்னோடு இருக்கும்.
பிரேக் மட்டும்
சின்னதில் நல்லது, பெரியதில் பழசு.
மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்?

நான் அனுப்பிய படத்தில் பிரேக் இருக்கிறது.
என்ன பிரேக் என்று படிக்க முடியாது.
பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன், மூன்று முறை.

முன்சக்கரத்துக்கு இரண்டு போல்ட்,
அஞ்சாம் நம்பர் எல்லன் கீ.
பம்பு கம்பெனியில் பன்னிரண்டு வருடம்
முறுக்கிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை.
கேலிப்பர் கழன்று உள்ளங்கையில் உட்கார்ந்தது,
தீப்பெட்டி அளவு, படிக்கல் கனம்.

கம்பி இழுக்கிற பிரேக் அல்ல.
விரல் அமுக்கினால் எண்ணெய் தள்ளும்,
எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும்,
பேடு தட்டைக் கவ்வும்.
மோட்டார் இல்லாத பம்பு, அவ்வளவுதான்.

நல்லதில் மினரல் ஆயில், பழசில் டாட் நாலு.
எங்கள் பக்கம் ஒரே கூட்டத்தில் பெண் எடுக்க மாட்டார்கள்.
இதற்கு அது தலைகீழ்.
கூட்டம் மாறிக் கலந்தால்
உள்ளே ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.
அதனால் குழாயைப் பிரிக்காமல்
லீவரோடு முழுசாகவே தூக்கி மாட்டினேன்.
முன்பிரேக் இடம் மாறப் பத்து நிமிடம்.

பின்பிரேக்குக்கு வந்தேன்.
லீவரை ஹேண்டில்பாரில் மாட்டி
சட்டத்தோடு குழாயை இழுத்துப் பிடித்தால்
நாலு விரக்கடை பத்தவில்லை.
ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்தேன், எட்டியது.
நேராக்கினேன், விறைத்தது.
இடப்பக்கம் மட்டுமே திரும்புகிற சைக்கிள்
வேண்டுமென்றால் மாட்டிக்கொள்ளலாம்.

அப்போதுதான் போன்.
நஞ்சுண்டன். தாளவாடி ஆஸ்பத்திரியில்
ரத்தம் எடுக்கிறவர்.
"சத்தியில பஸ் ஏறிட்டனுங்க.
போறப்ப பஸ் மேல போட்டுக்கறனுங்க.
சனிக்கெழமையானா திம்பத்துல இருந்து
மிதிக்காமயே எறங்கீருவனுங்க."

இருபத்தேழு கொண்டை ஊசி.
நானும் இறங்கியிருக்கிறேன், இதே சின்னதில்.
ஒரு வளைவில் கரும்பு லாரி
முன்னும் போகாமல் பின்னும் போகாமல்
மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.
பாறையோரம் ஒண்டி ஒற்றைக் கால் ஊன்றினேன்.
தட்டில் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன்,
தோசைக்கல் சத்தம்.

"செரிங்க, வாங்க" என்று வைத்தேன்.

கொஞ்ச நேரம் எதையும் தொடவில்லை.
பக்கத்து வீட்டில் கறி வதங்கியது.
முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் அவருக்கு என்றால்
பாதிக் களவுதானே என்று ஒரு கணக்கு வந்தது.
இறக்கத்தில் நிறுத்துவது முன்பிரேக்தான் என்று
அந்தக் கணக்குக்கும் தெரியும்.

திரும்பக் கழற்றினேன். திரும்ப மாட்டினேன்.
தட்டில் என் கட்டைவிரல் ரேகை,
எண்ணெயில், ஒரு சுழி கூடக் குறையாமல்.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
பேடை உப்புத்தாளில் தேய்த்தேன்.
தெருவில் நாலு சுற்று ஓட்டிப் பிடித்ததில்
கீச்சென்று கத்தி, பிறகு அடங்கியது.

மத்தியானம் வந்தார்.
ஒரு லீவரை அமுக்கினார், மற்றதை,
மறுபடி முதலாவதை.
குந்தி உட்கார்ந்து போல்ட்டைப் பார்த்தார்.
கறுப்பில் புதுக் கீறல், வெள்ளையாக.
"கழட்டி மாட்டுனீங்ளா?"
"ஆமாங்க."
"ஏனுங்க?"

மிச்சம் பன்னிரண்டாயிரத்தை
எண்ணிக்கொண்டிருந்தேன்.
தப்பாக எண்ணினேன்.
அவரே வாங்கி எண்ணிக் கொடுத்தார்.

ராத்திரி ஷிப்ட்டுக்குப் பெரியதில் போனேன்.
ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தது.
ஒரு அமுக்கு, ஒன்றுமில்லை.
இரண்டாவது, பஞ்சு.
மூன்றாவதற்கு நின்றது,
கம்பத்துக்கு நாலு விரக்கடை முன்னால்.